கேமராவுக்கு எட்டாத குத்து

1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்ன ஆய்வு வெளிவந்தது. ஃபிராங்க் புருனோ என்ற ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரரை வரவழைத்து, மெத்தை சுற்றித் தொங்கவிட்ட ஓர் எடையைக் குத்தச் சொன்னார்கள். எடைக்குள் அளவுக் கருவிகள் இருந்தன. கை கிளம்பிப் பத்தில் ஒரு நொடிக்குள் முஷ்டி போய்ச் சேர்ந்துவிட்டது. சேரும்போது அதன் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். தொட்ட 14 மில்லிநொடியில் விசை உச்சத்தைத் தொட்டது: 4,096 நியூட்டன். நானூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பாரம் ஒரு கணம் ஏறி உட்கார்ந்து இறங்கியதற்குச் சமம்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு குத்துச்சண்டைப் படங்களைப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. புருனோவின் குத்து கிளம்பியதிலிருந்து இலக்கைச் சேரும்வரை மொத்தமே இரண்டரை ஃபிரேம்தான். அதிலும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பாதி நேரம் ஷட்டர் மூடியிருக்கும். வழக்கமான அமைப்பில் திறந்திருப்பது 21 மில்லிநொடி, மூடியிருப்பது 21 மில்லிநொடி. முஷ்டி முகத்தைத் தொட்டு, விசை உச்சத்துக்கு ஏறும் 14 மில்லிநொடியும் அந்த மூடிய பாதிக்குள் முழுசாக அடங்கிப்போகலாம். அடி விழுந்த கணம் படச்சுருளில் பதிவாகவே இல்லாமல் போகலாம். ஆனாலும் நாம் பார்த்தோம் என்று சத்தியம் செய்வோம்.

கணினியில் விஎல்சி பிளேயர் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஏதாவது ஒரு சண்டைக்காட்சியை நிறுத்தி, ஆங்கில 'E' எழுத்து விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். பல இடங்களில் ஒரு ஃபிரேமில் முஷ்டி காற்றில் மங்கலான கோடாகத் தெரியும். அடுத்ததில் முகம் ஏற்கெனவே திரும்பியிருக்கும். நடுவில் இருக்க வேண்டியது இருக்காது.

மோதலைப் படத்தில் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை எங்கள் ஊரான திருச்சியில் பிறந்த ஒருவரையும் பிடித்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் இருக்கும் அதே தீவில், கிழக்கே நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது திருவானைக்காவல். 1888 நவம்பர் 7-ஆம் தேதி சி. வி. ராமன் அங்கே பிறந்தார். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வாங்கியவராக அவரை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே, கல்கத்தாவில், இரண்டு உருண்டைகள் முட்டிக்கொண்டால் என்ன நடக்கிறது என்ற கேள்வியில் அவர் ஊறிக்கிடந்தார். 1918-இல் பிசிக்கல் ரிவ்யூ இதழில் வந்த அவருடைய கட்டுரை, மிகமிக மெதுவாக மோதும் உருண்டைகளைப் புகைப்படம் எடுத்து, மோதலில் எவ்வளவு வேகம் தொலைகிறது என்று அளந்தது. வேகம் குறையக் குறைய இழப்பும் குறைந்துகொண்டே போய், கிட்டத்தட்ட முழு வேகத்தோடும் உருண்டைகள் திரும்புகின்றன என்பது அதில் கிடைத்த விடை.

அவருடன் வேலை பார்த்த சுதாங்சு குமார் பானர்ஜி இதே மோதலைக் காதால் அணுகினார். பில்லியர்ட்ஸ் உருண்டைகள் முட்டும்போது வரும் 'டக்' சத்தம் எங்கிருந்து பிறக்கிறது? உருண்டை மணிபோல அதிர்வதால் என்று நினைக்கத் தோன்றும். உருண்டையின் வேகம் திடீரென்று மாறும்போது அதைச் சுற்றியிருக்கும் காற்று வாங்கும் உதைதான் அந்தச் சத்தம் என்று அவர் காட்டினார். மாற்றம் எவ்வளவு திடீரென்று நடக்கிறதோ அவ்வளவு கூர்மையாகச் சத்தம் கேட்கும். எஃகு உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு மில்லிநொடியில் சிறு பங்கு. அதனால் சத்தம் கணீரென்று தெறிக்கிறது. திணிப்பு வைத்த கையுறை தசையில் பத்து மில்லிநொடிக்கு மேல் பதிந்திருக்கும். அதனால் நிஜக் குத்தின் சத்தம் 'தொப்' என்று அமுங்கிப்போகிறது. திரையில் கேட்கும் சாட்டையடிச் சத்தத்தை நிஜமான கையுறை எழுப்பாது. அது ஒலிக்கூடத்தில் தனியாகச் செய்து சேர்ப்பது.

ஏன் சேர்க்க வேண்டும்? வெறும் மிகை என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பரிசோதனை இதற்கு அழகான விளக்கம் தருகிறது. திரையில் இரண்டு வட்டுகள் எதிரெதிரே வந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, அப்படியே விலகிப் போகின்றன. சத்தமில்லாமல் பார்த்தால் பெரும்பாலும், இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து போனதாகவே தெரியும். அவை சந்திக்கும் கணத்தில் ஒரு சின்ன 'கிளிக்' சேர்த்துவிட்டால், அதே காட்சி இரண்டும் முட்டித் திரும்பியதுபோலத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. கண்ணுக்கு வந்த தகவல் அணுவளவும் மாறவில்லை. காது வந்து கண்ணின் முடிவை மாற்றிவிட்டது.

ஸ்டண்ட் மாஸ்டர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது இதைத்தான். அடிப்பவரின் முதுகுக்குப் பின்னால் கேமராவை வைப்பார்கள். முஷ்டி எதிராளியின் முகத்துக்கு முன்னால், ஒரு சாண் இடைவெளி விட்டு, குறுக்கே வீசிச் செல்லும். நமக்கு ஆழம் தெரிவதற்கு ஒரு முக்கியக் காரணம், இரண்டு கண்களும் சற்றே வேறுபட்ட இரண்டு காட்சிகளைப் பார்ப்பது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அந்த ஒரு சாண் இடைவெளி அதற்குத் தெரியாது. தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்தால் இன்னும் சுருங்கிவிடும். முஷ்டியும் தாடையும் திரையில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன, சத்தம் அந்தக் கணத்தில் விழுகிறது, மூளை மிச்சத்தைப் பூர்த்திசெய்துகொள்கிறது.

பாதி வேலை அடிவாங்குபவருடையது. ஸ்ரீரங்கம் கோவிலின் சேஷராயர் மண்டபத்துக்குப் போனால் இதைக் கல்லிலேயே பார்க்கலாம். பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரைகள், மேலே வீரர்கள், குளம்புகளுக்குக் கீழே ஆயுதத்தோடு பாயும் வேடர்களும் சீறும் விலங்குகளும். ஒரு துளி அசைவு கிடையாது. ஆனாலும் தாக்குதலின் வேகம் நம்மை ஒரு அடி பின்வாங்க வைக்கிறது. அந்தச் சிற்பிகள் வேகத்தை ஆயுதத்தில் தேடவில்லை. வளைந்த முதுகிலும் முறுகிய கழுத்திலும் வைத்தார்கள். திரையிலும் அப்படித்தான். கதாநாயகனின் குத்துக்குக் கனம் கொடுப்பவர் பெயர் தெரியாத ஸ்டண்ட் கலைஞர். அவர் கழுத்தைச் சரியான நொடியில் திருப்பாவிட்டால் எந்த நட்சத்திரத்தின் முஷ்டியும் வெறும் காற்றுதான்.

குத்துச்சண்டையைப் படம்பிடிப்பதில் இத்தனை சிக்கல் இருந்தும், சினிமா பிறந்த உடனேயே ஓடிப்போய் அதைத்தான் கட்டிக்கொண்டது. 1894-இல் எடிசனின் கூடத்தில் லெனார்ட், குஷிங் என்ற இருவரின் சண்டை, சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று ஆறு சுற்றுகளாகப் படமானது. அதற்குமுன் படங்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். முழுச் சண்டையையும் ஓட்டவேண்டும் என்று ஆசைப்பட்டபோது ஒரு தடை வந்தது: நீளமான சுருளை இயந்திரம் விட்டுவிட்டு இழுக்கும்போது, பெரிய சுருளின் கனம் தாங்காமல் ஃபிலிம் அறுந்தது. அமெரிக்காவில் லேதம் குடும்பத்தாரின் குழு 1895-இல் ஒரு வழி கண்டது. இழுக்கும் பல்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஃபிலிமைக் கொஞ்சம் தொளதொளவென்று வளையமாக விட்டுவிட்டால், வெட்டிவெட்டி இழுக்கும் இழுப்பு பெரிய சுருள்வரை போய்ச் சேராது. அந்த ஆண்டு மே மாதம் அவர்கள் படம்பிடித்ததும் ஒரு குத்துச்சண்டையைத்தான். லேதம் லூப் என்ற அந்தத் தளர்ந்த வளையம், ஃபிலிம் ஓடிய காலம் முழுக்க உலகெங்கும் புரொஜெக்டர்களுக்குள் இருந்தது. திருச்சியின் மாரிஸ் திரையரங்கிலோ சோனா மீனாவிலோ நாம் மூன்று மணிநேரப் படங்களை உட்கார்ந்து பார்த்தோமே, அதற்கும் அந்த வளையம் வேண்டியிருந்தது.

1897 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் கார்சன் சிட்டியில் கார்பெட், ஃபிட்ஸிம்மன்ஸ் மோதிய சண்டை பதினான்கு சுற்றுகள் போனது. மொத்தமும் படமாக்கப்பட்டது, ஓட்டம் ஒன்றரை மணிநேரத்துக்கும் மேல். உலகின் முதல் முழுநீளப் படம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். கடைசிக் குத்து மார்புக்கூட்டுக்குச் சற்றுக் கீழே, வயிற்றின் உச்சியில் விழுந்தது. அங்கே இருக்கும் நரம்புப் பின்னல் தாக்கப்பட்டு உதரவிதானம் இறுகிப்போக, மனிதன் நினைவோடு இருந்துகொண்டே மூச்சு வாங்கமுடியாமல் மடிவான். இப்போது அந்தப் படத்தில் இருபது நிமிடம் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும், கட்டாயம் பாருங்கள்.

எட்டு ஆண்டு கழித்து, 1905-இல், தென்னிந்திய ரயில்வேயின் திருச்சி அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊருக்கு வந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம்காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் கட்டி ஊர் ஊராகப் படம் காட்டினார். தென்னிந்தியாவில் சினிமா மக்களிடம் போய்ச் சேர்ந்த கதை அந்த ரயில்வே மேசையிலிருந்து கிளம்பியது. இதற்கு இந்த ஊர் இன்னும் கொஞ்சம் பெருமைப்படலாம்.

இனி, பார்க்கவேண்டிய படங்கள்.

முதலில் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021). வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் நெருக்கடிநிலைக் கால அரசியலையும் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது டான்சிங் ரோஸைப் பற்றி. அந்தப் பாத்திரத்தில் ஷபீர் கல்லரக்கல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து, ஒவ்வொரு குத்தையும் நூலிழையில் தப்பவிடுவார். எண்பது, தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீது நினைவுக்கு வருவார். இது சாத்தியமா? கண்ணுக்குத் தெரிந்த ஒன்றுக்குக் கை அசைய நமக்குச் சுமார் 200 மில்லிநொடி ஆகும். குத்து வந்துசேர 100 மில்லிநொடி. கணக்குப்படி, முஷ்டியைப் பார்த்து விலகவே முடியாது. தேர்ந்த வீரர்கள் முஷ்டியைப் பார்ப்பதில்லை. எதிராளியின் தோளையும் நெஞ்சையும் முன்காலில் ஏறும் எடையையும் படிக்கிறார்கள். குத்து பிறப்பதற்கு முன்பே அதன் ஜாதகம் அங்கே எழுதியிருக்கிறது. அந்தச் சண்டையை மறுபடி பார்க்கும்போது ரோஸின் பார்வை கதாநாயகன் கபிலனின் எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள்.

சுதா கொங்கராவின் 'இறுதிச் சுற்று' (2016) இதே விஷயத்தை எதிர்ப்பக்கமிருந்து அணுகியது. ரித்திகா சிங் நிஜமான கிக்பாக்ஸர். நடிகைக்குக் குத்துச்சண்டை கற்பிப்பதைவிட வீராங்கனைக்கு நடிப்பைக் கற்பிக்கலாம் என்ற முடிவு படம் முழுக்கப் பலன் தருகிறது. குத்து தரையிலிருந்து கிளம்பவேண்டும்: பாதம் தள்ள, இடுப்பு சுழல, தோள் பின்தொடர, கடைசியில்தான் கை. பயிற்சியில்லாத உடல் கையை மட்டும் நீட்டும். ரித்திகாவின் இடுப்பைப் பாருங்கள், சொன்னது புரியும்.

மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'ரேஜிங் புல்' (1980) கேமராவின் இயலாமையை ஒப்புக்கொண்டு, அதையே மொழியாக்கிக்கொண்ட படம். ரிங்கின் அளவு ஒவ்வொரு சண்டைக்கும் மாறும். ஒரே ஷாட்டுக்குள் வேகம் குறைந்து கூடும். ஒலிகளைச் செய்த ஃபிராங்க் வார்னர், தான் உருவாக்கிய சத்தங்களை வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று பிறகு அழித்துவிட்டதாகச் சொல்வார்கள். 'க்ரீட்' (2015) படத்தில் ஒரு முழுச் சண்டை வெட்டே இல்லாததுபோல ஒரே ஓட்டமாகப் போகும். எடிட்டரின் கத்தரிக்கோல் தரும் உதவி இல்லாமல் ஒவ்வொரு குத்தும் கோணம் பார்த்து விழவேண்டும். மல்யுத்தத்துக்கு 'தங்கல்' (2016). ஒரு பிடி நொடிக்கணக்கில் நீடிக்கும் என்பதால் கேமராவுக்கு அங்கே எதையும் ஒளிக்கவேண்டிய அவசியம் இல்லை. பார்க்கிற தசை இறுக்கமெல்லாம் பெரும்பாலும் நிஜம்.

கடைசியாக ஓர் ஆவணப்படம்: 'வென் வி வேர் கிங்ஸ்' (1996). 1974-இல் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதிய சண்டை. அலி கயிற்றில் சாய்ந்து நின்று அடிகளை வாங்கினார். கயிறு விட்டுக்கொடுக்கும்போது குத்து நின்றுபோக எடுக்கும் நேரம் நீள்கிறது. நேரம் நீண்டால் உச்ச விசை குறைகிறது. எட்டாவது சுற்றில் களைத்த ஃபோர்மன் விழுந்தார்.

ஆனால் எல்லா அடியையும் கயிறு வாங்கிக்கொள்ளாது. மூளை சுமார் 1,400 கிராம் எடை. தண்டுவட நீரில் மிதப்பதால் உள்ளே அதன் எடை ஐம்பது கிராம் அளவுக்குத்தான் அழுத்துகிறது. நேராகத் தள்ளினால் ஓரளவு தாங்கும். தாடையின் ஓரத்தில் விழும் குத்து தலையைத் திருகுகிறது. மண்டையோடு சுழல, மூளை பின்தங்க, உள்ளே நரம்பிழைகள் இழுபடுகின்றன. ஹோல்பர்ன் என்ற இயற்பியலாளர் 1943-லேயே மண்டையோட்டு வடிவில் ஜெலட்டினை வைத்துத் திருகி இதைக் காட்டினார். அதற்கும் முன்பே, 1928-இல், மார்ட்லண்ட் என்ற மருத்துவர் பழைய குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் மருத்துவ இதழில் பதிவுசெய்திருந்தார். அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார், கூட்டம் அலைமோதியது. 1984-இல் அவருக்கு பார்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள்.

தலைக்கவசம் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பி 1984 முதல் ஒலிம்பிக்கில் அதைக் கட்டாயமாக்கினார்கள். அது வெட்டுக்காயத்தைத் தடுத்தது, திருகலைத் தடுக்கவில்லை. 2016 ரியோவில் ஆண்கள் மறுபடி கவசமில்லாமல் இறங்கினார்கள். குத்து நம்பும்படியாக இருக்க ஸ்டண்ட் மாஸ்டர் எந்த அசைவைக் கேட்கிறாரோ, தாடை முந்த, தலை சட்டென்று பக்கவாட்டில் திரும்பும் அசைவு, ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் கண்கொட்டாமல் பார்த்திருப்பதும் அதே அசைவைத்தான்.