பட்டம் பெற்றோரும் பனியன் தொழிலும்

கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்று வெளியேறும் இளைஞர்க்கு உத்தியோகம் தேடுதல் ஒரு கவலை. கிடைத்த உத்தியோகத்தில் முதல் ஆண்டை எவ்வாறு நடத்துவது என்பது மற்றொரு கவலை. முன்னதைப் பற்றி அறிவுரை கூறுவோர் பலர். பின்னதைப் பற்றிக் கூறுவோர் சிலரே. நொய்யற் கரையிலுள்ள திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் நம் இளைஞர் பலர் வேலைக்கு அமர்கின்றனராதலின், அத்தொழிலையே சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920-களில் சிறு அளவில் தொடங்கிற்று. நெடுங்காலம் உள்நாட்டுக்கு வேண்டிய பனியன்களையே செய்துவந்த இவ்வூர், 1970-களின் இறுதியிலிருந்து அயல்நாடுகட்கு ஏற்றுமதி செய்யத் தலைப்பட்டது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றிற்று; 2009-இல் திருப்பூர் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. இவ்வளர்ச்சியை ஆக்கியோருட் பலர் வேளாண் குடியிற் பிறந்து, கூலியாளாகத் தொழில் பழகிப் பின்னர் முதலாளியானவர். ஆகவே இவ்வூரில் பட்டமானது கதவைத் திறந்துவிடும். உட்புகுந்தபின் மதிப்பைத் தருவது தொழிலறிவே.

நிற்க. நூலானது பின்னல், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பாக்கிங் எனப் பல கைகள் மாறியே ஆடையாகின்றது. இவற்றுட் பல வேலைகள் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு உரிமையாளர்பால் நடப்பன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டபோது, தையற் கம்பெனிகளும் துணியின்றித் திகைத்தன. தம் மேசைக்கு வரும் காகிதத்தை மட்டும் அறிந்தவர்க்குத் தொழிலின் இத்தகைய பிணைப்பு விளங்காது. முதல் ஆறு திங்களுக்குள் நூல் முதல் பெட்டி வரை எல்லா இடங்களையும் ஒருமுறையேனும் சென்று காண்க.

காண்பதோடு அமையாது, அளக்கவும் கற்க வேண்டும். பின்னல் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்னும் அளவாற் குறிப்பர். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அதன் பொருள். 100 சதுர சென்டிமீட்டர் துணியை வட்டமாக வெட்டி நிறுத்து, வந்த கிராமை நூறாற் பெருக்கின் விடை கிடைக்கும். 160 வேண்டிய இடத்தில் 170 வந்தால் யாது கேடு எனப் புதியவர் எண்ணலாம். துணியோ எடைக்கு வாங்கப்படுவது. சட்டையோ எண்ணிக்கைக்கு விற்கப்படுவது. 1,000 கிலோ துணி 160 கனத்தில் 6,250 சதுர மீட்டர் இருக்கும். 170 கனத்தில் 5,882 சதுர மீட்டரே இருக்கும். நூறு சட்டை எதிர்பார்த்த இடத்தில் ஆறு சட்டைக்கான துணி கண்ணுக்குத் தெரியாமற் குறைந்துபோம். சிறிய இலாபம் அதிலேயே கரைந்துவிடும்.

இத்தகைய நுட்பங்களைக் கற்பிப்பவர் யாவர்? கட்டிங் மாஸ்டரும், தையற்காரரும், செக்கிங் பெண்டிருமே. துணியைத் தடவிப் பார்த்தே கனத்தைக் கூறவல்லார் அவருட் பலர். பட்டதாரி என்னும் எண்ணத்தை ஒருபுறம் வைத்து, "அண்ணா, இது எப்படிங்க?" என்று பணிவுடன் கேட்பவர்க்கு அவர் ஒளியாது உரைப்பர். கேட்க நாணுபவர் ஐந்தாண்டு கழிந்தும் புதியவராகவே இருப்பர்.

இனி, பிழை நேர்ந்துழிச் செய்ய வேண்டுவது. ஒரே நிறத்தை இருமுறை சாயமேற்றின் இரு லாட்டுகளுக்கும் சிறிது வேற்றுமை தோன்றுதல் இயல்பு. உடற்பகுதி ஒரு லாட்டிலும் கை மற்றொன்றிலும் வெட்டப்படின் ஆடை பழுதாம். துணியாக இருக்கும்போது மறுபடியும் சாயமேற்றலாம். வெட்டியபின் பரிகாரம் அரிது. கப்பலேறியபின் பழியே மிஞ்சும். ஆதலின் ஐயம் தோன்றிய அன்றே, அது தம் கவனக்குறைவால் வந்ததாயினும், மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுக. அன்று கேட்கும் கடுஞ்சொல் சிறிது. மறைத்ததனால் பின்னர் இழக்கும் நம்பிக்கை பெரிது.

தொழிலுக்குச் செய்யும் கடமையோடு தமக்குரிய உரிமையையும் இளைஞர் மறத்தலாகாது. நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுக. சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவை அதில் எழுதப்பட்டுளவா என நோக்குக. வைப்புநிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் பிடிக்கப்படின், அப்பணம் தம் கணக்கிற் சேர்கின்றதா என அவ்வப்போது பார்த்துக்கொள்க. அவசர ஆர்டர் வருங்கால் எட்டு மணி நேர ஷிப்டு ஒன்றரை ஷிப்டாக நீளுதல் இவ்வூர் வழக்கம். இடையிடையே அங்ஙனம் உழைத்தல் தகும்; நாடோறும் உழைப்பின் உடல்நலம் கெடும். முதற் சம்பளத்தைக் கண்டவுடன் தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கடனாளியாவோர், தகாத இடத்தை விட்டு விலகும் துணிவையும் இழக்கின்றனர்.

முதல் ஆண்டின் ஊதியம் சிறிதாகவே இருக்கக்கூடும். ஆயின் அவ்வாண்டிற் பெற்ற தொழிலறிவும், சொன்ன சொல்லை நம்பலாம் என்னும் நற்பெயரும் வேறு கம்பெனிக்குச் செல்லினும் உடன்வரும். அவ்விரண்டையும் ஈட்டியவரே முதல் ஆண்டை நன்கு கழித்தவர் என்பது எமது துணிபு.