ஊற்றினால் தீராத ஒழுக்கு

பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைந்திருப்பது தெரிந்தால் கார்க்காரர்களில் பலர் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டு பானட்டை மூடிவிடுகிறார்கள். எஞ்சின் ஆயிலைப் போல இதுவும் ஓட ஓடக் குறையும் என்று நினைப்பதே காரணம். எஞ்சின் ஆயில் சிறிதளவு எரிந்துபோக வழி உண்டு. ஸ்டீயரிங் ஆயிலோ பம்பிலிருந்து, சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்குப் போய், அங்கிருந்து டப்பாவுக்குத் திரும்பி, மறுபடி பம்புக்கே வருகிறது. அது எரிவதும் இல்லை, ஆவியாகித் தீர்வதும் இல்லை. மட்டம் தொடர்ந்து இறங்கினால் எங்கோ வெளியே போகிறது என்றுதான் அர்த்தம். வயதான வண்டிகளில் அது பெரும்பாலும், பம்பிலிருந்து ரேக்குக்கு ஆயிலைக் கொண்டுபோகும் பிரஷர் ஹோஸ் வழியாகவே போகும். அந்த ஹோஸ், பிரேக் பேட் போலத் தேய்ந்து முடியும் பொருள். காலம் வந்தால் மாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் கிடையாது.

பயணிகள் காரில் பவர் ஸ்டீயரிங்கை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கிரைஸ்லர் நிறுவனம். 1951இல் வந்த இம்பீரியல் கார் அது. இன்றைய சிறிய கார்களில் இந்த வேலையை மின்மோட்டார் செய்கிறது. அவற்றுக்கு ஆயிலும் இல்லை, ஹோஸும் இல்லை. ஆனால் நம் சாலைகளில் இன்னும் ஓடும் குவாலிஸ், பழைய இன்னோவா, பொலேரோ போன்றவை ஆயிலை நம்பியே திரும்புகின்றன. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பிரஷர் ஹோஸுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைப்போல் 30 மடங்குக்கும் மேல். வேலையை முடித்த ஆயிலைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் ஹோஸில் அழுத்தம் மிகக் குறைவு. பார்வைக்கு இரண்டும் கறுப்பு ரப்பர்தான், வாழ்க்கை மட்டும் வேறு.

முழுக்க இரும்புக் குழாயாகவே போட்டுவிடலாமே என்று தோன்றலாம். பம்ப் எஞ்சினோடு சேர்ந்து அதிர்கிறது, ரேக்கோ வண்டியின் அடிச்சட்டத்தோடு முடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்க ஏதாவது வேண்டும். அதனால்தான் ஆயிலைத் தாங்கும் உள் ரப்பர், அதன்மேல் பின்னப்பட்ட வலுவான இழை, சூட்டைத் தாங்கும் வெளி ரப்பர் என்று அடுக்கடுக்காக இதைச் செய்கிறார்கள். முனைகளில் இரும்புக் குழாயைச் செருகி, மேலே உலோக வளையத்தை நசுக்கிப் பிடிக்கவைக்கிறார்கள். எஞ்சின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் அந்தப் பிடியில் முதலில் தளரும். பல பழைய ஹோஸ்கள் நடுவில் வெடிப்பதில்லை, முனையில் வியர்ப்பதுபோல் கசியத் தொடங்குகின்றன. கசிவைத் தேடும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியே பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையை நீட்டிப் பார்த்தால் போதும்.

"மாதம் கொஞ்சம் ஊற்றினால் ஓடுகிறது, எதற்குச் செலவு?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஆயில்தான் பம்புக்கு உயவும்கூட. ஒரு நீண்ட பயணத்தில் மட்டம் இறங்கிப் பம்ப் காற்றை இழுத்தால் உள்ளே உலோகம் உரசித் தூளாகும். அந்தத் தூள் நேராக ரேக்குக்குப் போய் அங்குள்ள சீல்களை அறுக்கும். ஹோஸோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பம்ப், ரேக் என்று வளரும். ஒழுகும் ஆயில் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும். கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். ஹோஸ் திடீரென்று விட்டுவிட்டால் ஸ்டீயரிங் அற்றுப்போகாது, சக்கரத்தோடு அதற்கு நேரடி இணைப்பு உண்டு. ஆனால் வளைவின் நடுவில் சட்டென்று கல்லாய்க் கனத்தால் எல்லோருடைய கையும் ஈடுகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

மாற்றுவழிகளில் சிலவற்றுக்கு ஓரளவு நியாயம் உண்டு. ரிட்டர்ன் ஹோஸ் கசிந்தால் ஆயில் தாங்கும் ரப்பர் குழாயை வெட்டிப் போட்டுக் கிளிப் முடுக்கலாம். அதையே பிரஷர் ஹோஸில் செய்தால் கிளிப் பிய்த்துக்கொண்டு போகும். கசிவை நிறுத்தும் மருந்து, இறுகிய சீலைக் கொஞ்சம் உப்பவைக்கும். விட்டுப்போன முனையை ஒட்டவைக்காது. சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹோஸ் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அந்த ரப்பரும் ஏதோ ஒரு எஞ்சின் சூட்டில் வெந்ததுதான். பிரஷர் ஹோஸுக்கு, மண்வெட்டும் இயந்திரங்களுக்கு ஹோஸ் செய்துதரும் கடைகள் மட்டுமே யோசிக்கத் தக்கவை. அழுத்தத்தை அவை எளிதாகத் தாங்கச் செய்துவிடும். ஆனால் பம்பின் துடிப்பை அடக்கச் சில கார் ஹோஸ்களுக்குள் ஒரு சுருள் குழாய் வைத்திருப்பார்கள். அது இல்லாத ஹோஸைப் போட்டால் திருப்பும்போது ஸ்டீயரிங்கில் ஓர் உறுமல் கேட்கலாம். கம்பெனி ஹோஸ் கிடைக்காத பழைய வண்டிக்கு அந்த உறுமலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஹோஸைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தையில்லை. வேலை கெடுவதெல்லாம் ஓரங்களில்தான். போல்ட்டோடு வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது; பழையதையே மாட்டினால் புது ஹோஸும் கசியும். பழைய ஹோஸ் போன வழியிலேயே, அதே கிளிப்புகளில் புதியதும் போக வேண்டும். எந்த ஆயில் என்பதைக் கடைக்காரர் அல்ல, வண்டியின் கையேடு சொல்ல வேண்டும். பிறகு ஏர் எடுப்பது: முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை இயக்காமலே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் பலமுறை மெதுவாக ஒடித்து, குறையக் குறைய ஊற்ற வேண்டும். குமிழி நின்றபின்தான் எஞ்சினை இயக்கி அதையே மறுபடி செய்வது. அவசரப்படும் பட்டறைகள் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். வண்டியை எடுக்கும் முன் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்து வெளிறியிருந்தாலோ, திருப்பும்போது பம்ப் முனகினாலோ, காற்று இன்னும் உள்ளே இருக்கிறது; மிச்ச வேலையை முடித்துத் தரச் சொல்லிவிட்டுப் பிறகு பில்லைக் கட்டலாம்.