முற்றிய புற்றுநோயும் ஆயுளின் கணக்கும்

1982-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் தொல்லுயிரியல் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் ஜே கூல்டு என்பவருக்கு, நாற்பதாவது பிராயத்தில், வயிற்றின் உட்சவ்வில் மீசோதீலியோமா என்னும் அபூர்வமான புற்றுநோய் கண்டிருப்பது தெரியவந்தது. சஸ்திர சிகிச்சை முடிந்தபின், இந்த வியாதியைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று அவர் கேட்டதற்கு, படிக்கத்தக்கது அதிகம் ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எழுந்து நடக்க முடிந்ததும் அவர் நேரே வைத்திய நூல்நிலையத்துக்குச் சென்று பார்த்தபோதுதான், அந்தப் பதிலின் காரணம் விளங்கிற்று: அந்நோய் கண்டவர்களின் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று அங்கே அச்சிட்டிருந்தது.

வேறொருவராயிருந்தால் எட்டு மாதத்தில் நாம் போய்விடுவோம் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பியிருப்பார். கூல்டோ கணக்கு அறிந்தவர். ஆகையால், நூறு நோயாளிகளை வரிசையாக எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய ஐம்பது பேர் எட்டு மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள், எஞ்சிய ஐம்பது பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்பதே அந்த எண்ணின் பொருள் என்றும், முதல் பாதியினரின் ஆயுள் பூஜ்யத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையே நெருக்குண்டு கிடக்க, இரண்டாம் பாதியினரின் ஆயுளுக்கோ வருஷக்கணக்கில் நீளுவதற்கு இடமிருக்கிறது என்றும், தம் வயதையும், நோய் சற்று முன்னதாகக் கண்டுபிடிக்கப்பட்டதையும், கிடைக்கும் சிகிச்சையின் தரத்தையும் எண்ணிப் பார்த்தால் தாம் அந்த இரண்டாம் பாதியில் இருக்க நியாயமுண்டு என்றும் அவர் தேறினார். 1985-இல் இதையே ஒரு கட்டுரையாக எழுதினார். அதற்குப் பின்னும் பல நூல்கள் எழுதி, இருபது வருஷம் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் காலமானார்.

எல்லோருக்கும் இருபது வருஷம் கிடைக்கும் என்று ஆசை காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வைத்தியர் சொல்லும் ஓர் எண் பெருங்கூட்டத்தின் நடுவில் நிற்கும் ஒருவருடைய ஆயுளைக் குறிக்கிறதேயன்றி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் ஆயுளைக் குறிப்பதில்லை என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியப் புற்றுநோய் வைத்தியர்கள் சிலர் இதற்கு நல்லதொரு வழி கண்டிருக்கிறார்கள். இடைநிலை ஆயுள் பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கும் இருபத்துநாலு மாதத்துக்கும் இடையிலே காலம் அமையும். நூற்றில் பத்துப் பேர்வரை மூன்று வருஷமோ அதற்கு மேலோ இருப்பார்கள். அதேபோலப் பத்துப் பேர்வரை மூன்று மாதம்கூடக் காணமாட்டார்கள். நன்றாகப் போனால் எவ்வளவு, மோசமானால் எவ்வளவு, பெரும்பாலோருக்கு எவ்வளவு என்று மூன்று விதமாகச் சொல்லும் இந்த முறையில் உண்மையும் இருக்கிறது, நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது.

வைத்தியர் கணிப்பும் தவறக்கூடும். அதுவும் அன்பினால் தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிகாகோ நகரத்தில் 343 வைத்தியர்கள் அந்திமக் காலத்திலிருந்த 468 நோயாளிகளைப் பற்றிச் சொன்ன கணிப்பை ஒத்துப் பார்த்தபோது, நூற்றில் இருபதுதான் ஏறக்குறையச் சரியாக இருந்தது. பிசகியவற்றில் மிகப் பெரும்பாலானவை உள்ளதைக் காட்டிலும் அதிக நாள் சொன்னவை. அதிலும், நோயாளியோடு வைத்தியருக்குப் பழக்கம் நீண்டதாக இருக்க இருக்கப் பிசகும் அதிகமாயிற்று. நெடுநாள் பழகிய குடும்ப வைத்தியர் ‘ஒண்ணும் பயமில்லை’ என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு சாஸ்திரம், எவ்வளவு பாசம் என்று பிரித்தறிவது அவருக்கே கஷ்டம்.

ஆயுட்கணக்கைவிட முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. தரப்போகும் சிகிச்சையின் நோக்கம் என்ன? வியாதியைப் பூரணமாகத் தீர்ப்பதா, தீராத வியாதியைச் சில காலம் அடக்கி வைப்பதா, உபாதையைக் குறைப்பது மட்டுமா? இது தெளியாமலே கீமோ ஏற்றிக்கொள்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவில், பரவிவிட்ட புற்றுநோய்க்குக் கீமோ பெற்றுவந்தவர்களை விசாரித்தபோது, நுரையீரல் புற்று உள்ளவர்களில் 69 சதவிகிதம் பேரும், பெருங்குடல் புற்று உள்ளவர்களில் 81 சதவிகிதம் பேரும், அந்த மருந்தினால் நோய் தீருவதற்கில்லை என்பதை உணராதிருந்தார்கள். ‘மருந்து நன்றாகக் கேட்கிறது’ என்று வைத்தியர் சொன்னால், ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்; சுருங்கிய கட்டி மறுபடி வளராது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

‘நாலாவது ஸ்டேஜ்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு விதமான வியாதிகள் அடங்கியிருக்கின்றன. விரைப் புற்று உடலெங்கும் பரவிய பின்னும், சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து வந்த நாள்முதல், பெரும்பாலும் குணமாகிறது. பெருங்குடலிலிருந்து ஈரலுக்கு ஓரிரு இடங்களில் மட்டும் பரவியிருந்தால், அவற்றை அறுத்தெடுத்துச் சிலரைக் காப்பாற்ற முடிகிறது. புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவிய பிறகும், ஹார்மோன் சிகிச்சையால் பலர் வருஷக்கணக்கில் நடமாடுகிறார்கள். மார்பகப் புற்றில் சில வகைகளும் அத்தகையவையே. புகைபிடித்தறியாதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றில், கட்டித்துண்டைப் பரிசோதித்துக் குறிப்பிட்ட மரபணு மாறுதல் இருக்கக் கண்டால், ஊசி ஏற்றாமல் தினம் ஒரு மாத்திரையில் நோய் அடங்குவதுண்டு. ஆகையால் பயாப்சி செய்தால் நோய் பரவிவிடும் என்று அஞ்சி அதைத் தள்ளிப்போடுவது, சரியான மருந்தைத் தாமே தள்ளிவிடுவதாகும்.

உடலின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடும் மருந்துகளால் நேர்ந்த அதிசயங்களும் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல், தொண்ணூறு வயதில், மெலனோமா என்ற தோல் புற்று ஈரலிலும் மூளையிலும் பரவியிருந்தது. சஸ்திர சிகிச்சையோடும் கதிர்வீச்சோடும் இத்தகைய மருந்து ஒன்றும் தரப்பட, நோய் மறைந்து, 2024 டிசம்பரில் தம் நூறாவது வயதில்தான் அவர் மறைந்தார். ஆனால் இம்மருந்து எல்லாப் புற்றுக்கும் கேட்பதில்லை. கேட்கும் புற்றிலும் ஒரு பகுதியினருக்கே கேட்கிறது. செலவோ லக்ஷக்கணக்கில் ஆகிறது. நிலத்தை அடகு வைப்பதற்கு முன், ‘எங்கள் நோயாளிக்கு இது கேட்பதற்குப் பரிசோதனையில் ஆதாரம் இருக்கிறதா?’ என்று குடும்பத்தார் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதை எந்த நல்ல வைத்தியரும் அவமரியாதையாக எண்ணமாட்டார்.

நோயாளியின் தெம்பும் ஸ்கேனுக்கு நிகரான சாட்சி. அனுபவமிக்க வைத்தியர், அவர் வாசலிலிருந்து நாற்காலிவரை நடந்துவரும் நடையிலேயே பாதியைத் தெரிந்துகொள்வார். கையிலிருந்து முழங்கைவரை நழுவிப் போகும் வளையலும், பகலில் எவ்வளவு நேரம் படுக்கை என்ற விசாரணையும் மீதியைச் சொல்லும். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே கழிப்பவருக்குக் கடுமையான கீமோ தந்தால், பெரும்பாலும் நன்மையைவிடத் தீமையே மிகும்.

இத்தனையையும் யாரிடம் சொல்வது என்பதில்தான் நம்மவர் வழக்கம் மாறவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ரிப்போர்ட் அடங்கிய உறையோடு மகன் முந்திக்கொண்டு உள்ளே போய், ‘டாக்டர், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்’ என்று தணிந்த குரலில் கேட்டுக்கொள்கிறான். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் தகப்பனாரோ, எதிர்ச் சுவரில் ‘புற்றுநோய்ப் பிரிவு’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் படித்து முடித்துவிட்டு, முடியுதிர்ந்த தலையில் துணி கட்டியிருக்கும் பக்கத்து அம்மாளிடம் எத்தனையாவது கீமோ என்றும் விசாரித்துவிட்டு, பிள்ளை மனம் நோகுமே என்று தாமும் வாய் திறவாமல் இருக்கிறார். இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் பட்டா மாற்றுவது, பெண்ணுக்குச் செய்யவேண்டியது, நெடுநாள் பேசாத தம்பியை வரவழைப்பது, இன்னுமொரு கீமோ வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பது ஆகிய காரியங்களெல்லாம் அவருடையவை. அவருக்கு உண்மையை மறைத்தால் அவற்றைச் செய்யும் உரிமையும் பறிபோகிறது. ‘உங்களுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?’ என்று அவரையே கேட்கலாம். ‘எல்லாம் என் மகனிடம் சொல்லுங்கள்’ என்பாரானால், அதுவும் அவர் செய்த தீர்மானமாகவே இருக்கும்.

இனி வலிநிவாரண சிகிச்சை. கைவிட்ட பிறகு கொடுப்பது அது என்ற எண்ணம் தவறானது. பாஸ்டன் நகரத்தில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பாதியினருக்கு, வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலிநிவாரண வைத்தியர்களின் கவனிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2010-இல் வெளியான முடிவின்படி, அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களின் கடுஞ்சிகிச்சைகளும் குறைந்தன. ஆனாலும் இடைநிலை ஆயுள் 11.6 மாதமாயிற்று. மற்றப் பாதியினருக்கு அது 8.9 மாதம்.

மார்பின் மாத்திரை விஷயத்திலும் வீண் பயம் நிலவுகிறது. முறையாக அளவறிந்து நாலு மணி நேரத்துக்கொரு தரம் கொடுத்தால், புற்றுநோய் வலி தணிந்து நோயாளி தூங்குகிறார், சாப்பிடுகிறார், பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார். மலச்சிக்கல் உண்டாகும், அதற்கு மருந்து கூடவே கொடுக்க வேண்டும். வலிக்காக உட்கொள்பவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம். விலை அற்பமாயிருந்தும், 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் அது கிடைப்பது அரிதாகிவிட்டது. கேரளத்து டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இடைவிடாது முயன்றதன் பலனாக, 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிநிவாரண சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள்.