ஜெர்மனியில் உயிர் அறிவியல் ஆய்வு: இடம் தேடும் முறை

உயிர் அறிவியலில் முதுகலை பயின்று, முனைவர் பட்டத்திற்கு ஜெர்மனியை நாடுவோர் ஒன்றை முதலில் தெளிதல் வேண்டும். அந்நாட்டில் ஆய்வாளர் என்பவர் பெரும்பாலும் ஊதியம் பெறும் பணியாளரே. ஆகவே கல்லூரிச் சேர்க்கைக்கு மனுச் செய்வதைப்போல் அன்றி, வேலைக்கு மனுச் செய்வதைப்போலவே இடம் தேட வேண்டும். பொதுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பயிற்சிக் கட்டணம் பொதுவாக இல்லை. பருவந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்தினால் போதும். இடம் வாங்கித் தருவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்கும் தரகரிடம் பெற்றோரின் சேமிப்பை ஒப்படைக்க வேண்டிய தேவையே இல்லை.

வழிகள் இரண்டு. பழைய வழியில் ஒரு பேராசிரியர் தம் ஆய்வகத்திற்குத் தாமே ஆளைத் தெரிவு செய்வார். அவரை ஜெர்மானியர் 'முனைவர் தந்தை' எனப் பொருள்படும் சொல்லால் அழைப்பர்; பெண்ணாயின் 'முனைவர் தாய்'. அவருக்கு எழுதுங்கால், அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையேனும் படித்து, அவற்றில் நம் மனத்தை ஈர்த்த வினா எது, நம் கைக்குப் பழகிய செய்முறைகள் எவை என ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது வீண். பெறுபவர் முதல் வரியிலேயே அதனைக் கண்டுகொள்வார்.

மற்றது, குழுவாகத் தேர்வு செய்யும் ஆய்வுப் பள்ளிகள். ஜெர்மன் ஆய்வு நல்கைக் கழகத்தின் ஆய்வுப் பயிற்சிக் குழுக்கள் 1990 முதலும், மாக்ஸ் பிளாங்க் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகள் 2000 முதலும் இயங்குகின்றன. இவற்றில் நேர்காணல் உண்டு. பணிமொழி பெரும்பாலும் ஆங்கிலம். மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் தாமே பட்டம் வழங்குவதில்லை, பல்கலைக்கழகமே வழங்கும். எனவே எப்பல்கலைக்கழகத்தில் பதிவு, அது நம் முதுகலையை ஏற்குமா எனத் தொடக்கத்திலேயே கேட்டறிதல் நலம். இளங்கலை மட்டும் முடித்தவர்க்குப் பொதுவாக நேர்வழி இல்லை. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு உயிரியல், நரம்பியல் திட்டங்கள் இதற்கு நல்ல விதிவிலக்கு: ஓராண்டுத் தீவிரப் பயிற்சிக்குப் பின் சிறந்து விளங்குவோர் முதுகலைப் பட்டமின்றியே முனைவர் ஆய்வுக்குச் செல்லலாம்.

விளம்பரத்தைப் படிப்பதில்தான் பலரும் தடுமாறுகின்றனர். 'டி.வி.எல். இ 13, 65%' என்று காணப்படும். மாநில அரசுப் பணியாளர் ஊதிய ஒப்பந்தத்தில் பதின்மூன்றாம் நிலை. அதில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு ஊதியம் என்பதே இதன் பொருள். உயிர் அறிவியலில் பாதி ஊதியமும் உண்டு, அறுபத்தைந்தும் உண்டு. ஊதியந்தான் பகுதி, ஆய்வகத்தில் கழியும் நேரம் பெரும்பாலும் முழுநேரமே! வரியும் காப்புறுதிகளும் போக எஞ்சுவதைக் கொண்டே வாடகையைக் கணக்கிட வேண்டும். மியூனிக்கில் வாடகை மிகுதி. உதவித்தொகை என்றால் நிலை வேறு: அது பணி ஒப்பந்தம் அன்று, மருத்துவக் காப்புறுதியை நாமே பார்த்துக்கொள்ள நேரும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்றாண்டு. எலிகளையோ செல் வளர்ப்பையோ நம்பிய ஆய்வு மூன்றாண்டில் முடிவது அரிது. நான்கைக் கடப்பதே வழக்கம். ஆகவே நேர்காணலில் தயங்காமல் இரண்டு கேட்க வேண்டும்: நான்காம் ஆண்டிற்கு நிதி எங்கிருந்து வரும்? இதற்குமுன் இவ்வாய்வகத்தில் பட்டம் பெற்றோர் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டனர்? அங்குள்ள ஆய்வாளர்களுடன் தனியே பேச வாய்ப்புக் கிடைத்தால் அவர்களிடமும் இதே வினாக்களைக் கேட்கலாம். பேராசிரியர் மறந்தவற்றை அவர்கள் நினைவில் வைத்திருப்பர்.