15 ஆடுகள், 3 புலிகள்

பெருநாள் விடுமுறைக்குக் குன்றாண்டார்கோவிலிலுள்ள உறவினர் இல்லம் சென்றிருந்தேன். பகலுணவு முடிந்து பெரியவர்கள் கண்ணயர்ந்திருந்த வேளை. திண்ணையில் கோடு கிழித்து அண்ணனும் தங்கையும் ஆடு புலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தனர். திடீரெனச் சிறுமி புளியங்கொட்டைகளை வாரி இறைத்துவிட்டு எழுந்தாள்.

"நன்னா! அண்ணன் ஒரே தாவுல ரெண்டு ஆட்டை வெட்டுறான்!"

"அப்படி வெட்டலாம்னு ஆட்டம் தொடங்கறப்பவே பேசிக்கிட்டீங்களா?" என்று நன்னா கேட்டார். பையன் விழித்தான்.

பிள்ளைகளின் பூசல்தானே என்று இதனைத் தள்ளிவிட இயலாது. அந்த ஒரு விதியில்தான் ஆட்டமே நிற்கிறது.

உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்க, குறுக்கே மூன்று கோடுகள் ஓட, அடியில் ஒரு கோடு. மொத்தம் 23 புள்ளிகள். புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. ஆட்டை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ அதற்குள்ளாகவே உலவத் தொடங்கிவிடும். ஆட்டிற்கு அப்பாலுள்ள புள்ளி வெறுமையாக இருந்தால் மட்டுமே புலி தாண்டி வெட்டலாம். ஆடு எதையும் வெட்ட முடியாது. புலியை அடைத்துவிட்டால் அதற்கு வெற்றி.

இவ்விதிகளே ஆடுபவரின் கையைப் பிடித்து நடத்துகின்றன. கோடுகள் முடிவுறும் மூலையில் வைத்த ஆட்டைத் தாண்ட இடமில்லை. ஆகவே தேர்ந்தவர் முதல் ஆடுகளை மூலைகளில் வைக்கிறார். நேர்க்கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஆடுகள் ஒன்றுக்கொன்று காவல். இரண்டையும் சேர்த்துத் தாண்டலாம் என்றால் அந்தக் காவல் பொய்த்துவிடும். சிறுமியின் சினம் நியாயமானதே!

தாண்டி வெட்டும் இம்முறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1283இல் காஸ்டீல் நாட்டு மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ தொகுப்பித்த விளையாட்டு நூலில் 'அல்கெர்கே' இடம் பெற்றுள்ளது. 'அல்கிர்க்' என்னும் அரபுச் சொல்லே அப்பெயரானது. அதில் 25 புள்ளிகள், இருவருக்கும் பன்னிரண்டு காய்கள், இருவருமே வெட்டலாம். வலிமை சமமானதும் ஆடுபவரின் எண்ணமும் வேறாகிவிடுகிறது.

அமெரிக்காவில் 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதைமாந்தர் விளையாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு விதிப்படி, எதிரியின் அருகிலிருந்து கவனமின்றி விலகினால் அவனுக்கு ஓர் அடி இலவசம். ஓடித் திரிந்து போரிடக்கூடிய வீரனும் நின்ற இடத்திலேயே நின்று வெட்டுவதை விரும்பத் தொடங்கினான். அவன் கோழையாகிவிடவில்லை, கணக்குப் பார்த்தான், அவ்வளவே.

நன்னா புதிதாகக் கோடு கிழித்தார். இம்முறை ஆடுகள் அண்ணனுக்கு. அஸர் பாங்கு ஒலித்தபோது அவனிடம் ஒன்பது ஆடுகள் எஞ்சியிருந்தன. தங்கையின் இரண்டு புலிகள் அடைபட்டிருந்தன. காய்களைக் கலைக்காமல் இருவரும் எழுந்து சென்றனர்.