பள்ளி மென்பொருளில் எப்போது கை வைக்கலாம்?

ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளையின் பெயர் பள்ளிக் கணினியில் குறைந்தது பத்து வருடம் இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகும் டி.சி. நகல், பிறந்த தேதி என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். 2001இல் சுரங்கம் மூடியபின் பிழைப்புக்காக வெளியூர் போன குடும்பங்கள் நிறைந்த கோலார் தங்கவயலில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்திருக்கும் மென்பொருளின் ஒரு பதிப்புக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வருட ஆயுள்தான். பிள்ளை பத்தாவது முடிப்பதற்குள் பெயர் மூன்று நான்கு பதிப்புகளைத் தாண்டியிருக்கும்.

கர்நாடக அரசின் மாணவர் பதிவுத் தளமான 'சாட்ஸ்' பற்றி தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைப் பள்ளி கவலைப்பட வேண்டாம். அதைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் ஆள் இருக்கிறார்கள். ஃபீஸ், வருகை, மார்க் இவற்றுக்காகப் பள்ளி தானே நிறுவிக்கொள்ளும் திறமூல மென்பொருள்தான் இங்கே பேச்சு. உரிமக் கட்டணம் கிடையாது. "புதுப் பதிப்பு வந்துவிட்டது, மாற்றித் தருகிறோம்" என்று வாசலில் வந்து நிற்கவும் யாரும் கிடையாது.

ஃபெடினாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரின் ஃபொரேடியன் நிறுவனம் எழுதித் திறமூலமாக வெளியிட்டது. கேரள அரசு ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கான 'சம்பூர்ணா'வை அதன்மேல்தான் கட்டியது. ஆனால் அந்தத் திறந்த பதிப்பு ஓடியது ரூபி நிரல்மொழியின் 1.8.7 பதிப்பில். 2013 ஜூனோடு அந்த ரூபிக்கான ஆதரவு முடிந்தது. மென்பொருள் கெட்டுப்போகவில்லை, அடியில் இருந்த தளம்தான் நகர்ந்துவிட்டது. அப்படியே விட்ட பள்ளிக்கு, பழைய சர்வர் படுத்தால் புதியதில் ஏற்றுவதே பெரும்பாடு.

மும்பையின் ஃபிராப்பே நிறுவனத்து இ.ஆர்.பி.நெக்ஸ்டில் வேறு விதமான சிக்கல். 2022இல் வந்த 14ஆம் பதிப்பில் கல்விப் பகுதியைத் தனிச் செயலியாகப் பிரித்துவிட்டார்கள். 13இலிருந்து வரும் பள்ளி அந்தச் செயலியையும் சேர்த்து நிறுவாவிட்டால், மாணவர் பக்கங்களைத் திரையில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெளியீட்டுக் குறிப்பை வாசிப்பதை வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மேம்படுத்தல் என்றால் இரண்டு மாறுகின்றன: நிரலும், தரவுத்தள அட்டவணைகளும். நிரலைப் பழையபடி வைப்பது சுலபம். அட்டவணை அப்படியல்ல. இ.ஆர்.பி.நெக்ஸ்ட் நிற்கும் ஃபிராப்பே தளத்தில், பழைய தரவைப் புது வடிவுக்கு மாற்றும் ஒவ்வொரு வேலையும் ஒரு சிறு 'பேட்ச்'. வரிசையாக ஓடும்; ஓடி முடிந்ததன் பெயர் ஒரு பதிவில் ஏறும், மறுபடி ஓடாது. அது நம்பியிருக்கும் மரியாடிபி தரவுத்தளத்தில், அட்டவணையின் வடிவத்தை மாற்றும் கட்டளை முடிந்த கணமே உறுதியாகிவிடும். திரும்பப் பெற முடியாது. பாதியில் நின்றால், பாதி அட்டவணை புதுசு, பாதி பழசு. 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வாங்கிய ஊர் தங்கவயல். அந்தப் பெருமை நடுவில் கரண்ட் போனால் உதவாது, யூ.பி.எஸ். வேண்டும்.

சுரங்க விதிப்படி ஒரு சுரங்கத்துக்கு வெளியேற இரண்டு வழியாவது இருக்க வேண்டும். மேம்படுத்தலுக்கும் அதேதான், இரண்டாவது வழி பேக்கப். ஃபிராப்பேயின் வழக்கமான பேக்கப் தரவுத்தளத்தை எடுக்கும், பதிவேற்றிய கோப்புகளை எடுக்காது. மாணவர் போட்டோ, ஸ்கேன் செய்த பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வேண்டுமென்றால் கோப்புகளையும் சேர்க்கும்படி தனியாகச் சொல்ல வேண்டும். எடுத்ததை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்தும் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்படித் திறக்கும்போது முதலில் தமிழ், கன்னடப் பெயர்களைப் பாருங்கள். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'த' என்ற ஒரே எழுத்துக்கு மூன்று பைட். இடையில் எங்காவது இணைப்பு பழைய லத்தீன் குறியாக்கத்தில் அமைந்திருந்தால் 'தனலட்சுமி' இருந்த இடத்தில் கேள்விக்குறிகளாக நிற்கும். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் பெயர் போனது போனதுதான்; எந்த எழுத்துருவும் அதை மீட்டுத் தராது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு 'ஓகே' சொன்னால் இது கண்ணில் படாது.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஜூனில் அட்மிஷன், மார்ச்சில் பரீட்சை. அப்போது பெரிய பதிப்புப் பக்கமே போகக் கூடாது. கர்நாடகத்துக்கு தசரா விடுமுறை வசதி. கம்ப்யூட்டர் தெரிந்தவர் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவராக இருந்தால், விடுமுறையிலும் ஞாயிறுதான் கிடைக்கும். 15.4.1 என்பது 15.4.2 ஆவது போன்ற கடைசி எண் மாற்றம் பெரும்பாலும் பிழைத் திருத்தம்தான். அதில் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டிருந்தால் தசராவுக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த வாரமே போட வேண்டும்.

முடிந்தபின் போன வருடத்து டி.சி. ஒன்றை மறுபடி அச்சிட்டு, கோப்பில் உள்ள பழைய நகலோடு வரி வரியாக ஒப்பிடலாம். வகுப்புவாரியான ஃபீஸ் பாக்கியையும் முன்பு எடுத்த பட்டியலோடு சரிபார்க்கலாம். அடுத்த ஃபீஸ் வசூல் முடிந்து கணக்கு நேராகும்வரை பழைய சர்வரை அழிக்காமல், யாரும் புதிதாகப் பதியாமல், அப்படியே வைத்திருங்கள்.