கூண்டுக் கிளியின் உணவும் இனப்பெருக்கமும்

தினைப்புனங் காத்த வள்ளி ஆலோலம் பாடிக் கிளிகளை ஓட்டிய கதையை அறியாத தமிழ்ச் சிறுவர் இலர். அக்கதையிலே உயிர்நூல் பயிலும் மாணவன் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. தினை உலர்ந்து குதிருக்குள் சென்ற பின்னர் அதனைத் தேடிக் கிளி வருவதில்லை. கதிர் பால் பிடித்துப் பசுமையாக நிற்கும் பருவம் முதலே புனத்தில் வந்து விழுகின்றது. பசுங்கதிர், அரும்பு, பூ, பிஞ்சு, கனி எனப் பலவகை உணவு கொண்டு வாழும் இப்பறவையினத்தைக் கூண்டில் அடைத்து, உலர்ந்த விதையொன்றையே ஆண்டு முழுவதும் இட்டு, அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க வேண்டுமென்று நாம் காத்திருக்கிறோம். அவ்விருப்பம் பல வீடுகளிற் பொய்த்துப் போவது ஏன்?

இவ்வினாவை என் முன் கொணர்ந்தவன் தலவாக்கலையில் என்னிடம் கற்ற மாணவன் ஒருவன். தோட்டத்து லயத்திலே, தன் காம்பராவின் இஸ்தோப்பில், கம்பிக்கூடொன்றில் ஒரு சோடி பட்ஜரிகர் வளர்த்தான். மலைநாட்டில் இதனை ‘லவ் பேர்ட்ஸ்’ என்றே வழங்குவர். உண்மையில் அப்பெயர் ஆபிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளியினத்துக்கு உரியது. பட்ஜரிகர் அவுஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் வாழும் சிறு கிளி. ஜோன் கூல்ட் என்னும் பறவையியலறிஞர் 1840இல் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற பின்னரே வீட்டுப் பறவையாக உலகெங்கும் பரவியது. ஆடி மாதத்து மழை விடாது பெய்த வாரமொன்றிலே அம்மாணவனின் பெட்டைக்கிளி மூன்று முட்டைகளை இட்டது. நான்காவது வெளிவரவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் தரையிலே ஒடுங்கியிருந்த பறவை மறுநாள் நண்பகலுக்குள் இறந்தது. சப்பாத்துப் பெட்டியொன்றில் வைத்து அதனை விஞ்ஞான அறைக்குக் கொண்டுவந்தான். “தீனி ஒருநாளும் குறைய வைக்கவில்லையே, சேர்” என்றான். அவன் கூறியது உண்மையே. திறந்து பார்த்தபோது, ஓடு தடிக்காமல் தோல்போல் மெத்தென்றிருந்த முட்டையொன்று வழியை அடைத்துக் கிடந்தது. தீனிச் சிரட்டை நிறைந்திருக்கவே, ஊட்டமின்றி இறந்த பறவை அது.

பட்ஜரிகரின் எடை 35 கிராம் அளவினது. முட்டையொன்று ஏறத்தாழ 2 கிராம். ஒன்றுவிட்ட ஒருநாளாக நான்கு முதல் ஆறு முட்டை வரை இடுமாதலால், பத்துப் பன்னிரண்டு நாளுள் தன் உடலின் கால்பங்குக்கு அண்மித்த பொருளைப் பெட்டை முட்டையாக வெளியிடுகின்றது. ஓட்டுக்கு வேண்டிய கல்சியத்தை அன்றன்று உண்ணும் உணவிலிருந்து மட்டும் திரட்ட இயலாது. ஆகவே முட்டையிடும் காலம் நெருங்கும்போது பறவையின் நீண்ட எலும்புகளின் உட்குழிவிலே தனிவகையான எலும்பிழையம் ஒன்று படிகின்றது. ஓடு அமையும் வேளையில் அச்சேமிப்புக் கரைந்து குருதிவழியே கருப்பையை அடைகின்றது. சேமிப்பு வறிதாயின் ஓடு மென்மையாகும். அதனோடு தீமை நிற்பதில்லை. தசை சுருங்குதற்கும் கல்சியம் இன்றியமையாதது ஆதலின், மெத்தென்ற முட்டையை வெளித்தள்ளும் ஆற்றலும் தசைக்கு இல்லாமற் போகின்றது. இதுவே முட்டை அடைப்பு.

நாம் இடும் விதைகளில் இக்குறை தெளிவாகக் காணப்படும். சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. 100 கிராமில் கல்சியம் 80 மில்லிகிராமுக்கும் குறைவு; பொசுபரசோ 600 மில்லிகிராமுக்கு மேல். பொசுபரசு இங்ஙனம் மிகுந்திருக்குமிடத்து, உள்ள சிறிதளவு கல்சியமும் உடலிற் சரிவர ஏறுவதில்லை. தினையும் பனிவரகும் கொழுப்பிற் குறைந்தவை எனினும் கல்சியத்தில் வறியவையே. குரக்கன் ஒன்றே தானியங்களுள் விதிவிலக்கு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் அதில் உண்டு. கடைகளில் விற்கும் கலப்புத் தீனியில் அதனை அரிதாகவே காண்கின்றோம் என்பது வியப்பு.

இனி, கல்சியத்தைக் குடலிலிருந்து உறிஞ்சுதற்கு உயிர்ச்சத்து டி3 வேண்டும். உலர் விதையில் அது இல்லை. ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர் தோலிற் படும்போது பறவையின் உடல் அதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். இங்கேதான் தலவாக்கலை குறுக்கிடுகின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் சரிவிலே அமைந்த ஊர் அது. வைகாசி தொடக்கம் மழையும் மூடுபனியும் மாறிமாறி நிலவும். குளிருக்கு அஞ்சிக் கூட்டைச் சாக்கினால் மூடி உள்ளே வைப்பர். அன்றேல் கண்ணாடி யன்னலருகில் தொங்கவிட்டு வெயில் கிடைக்கின்றதென மகிழ்வர். வேண்டிய கதிரையோ கண்ணாடி தடுத்துவிடும். மேகம் விலகும்போது மலைநாட்டு வெயிலில் அக்கதிர் தாழ்நாட்டிலும் மிகுதி. ஆகையால் காலைவேளையில் அரைமணி நேரம், பாதி நிழலாகவேனும், கூட்டை வெளியில் வைத்தல் பெரும்பயன் தரும். அவித்த கோழிமுட்டையின் மஞ்சட்கரு மழைக்காலத்தில் ஓரளவு துணைசெய்யும். மருந்துக்கடைத் துளிகளை அளவின்றிக் கலந்து வைப்பவரும் உளர். அது மறுதலையான கேடு. டி3 மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணம் படியும்.

என்ன கொடுக்கலாம்? கடலோரத்துக் கணவாய் ஓடு, அதாவது நாட்டு மருந்துக் கடையிற் ‘கடல்நுரை’ எனப்படுவது, பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே. அதனைக் கூட்டுக் கம்பியிற் கட்டிவிட்டால் பறவை தனக்கு வேண்டிய அளவு கொறித்துக்கொள்ளும். அது கிடையாவிடத்துக் கோழிமுட்டை ஓட்டை நன்கு அவித்து, உலர்த்தி, இடித்துக் கொடுக்கலாம். விதையிற் காணாத மற்றொன்று உயிர்ச்சத்து ஏ. அது குன்றினால் வாய், மூக்கறை, முட்டைவழி ஆகியவற்றின் மெல்லிய உட்போர்வை தடித்துக் காய்த்துப்போகும். நோய்க்கிருமிகள் எளிதில் இடங்கொள்ளும். நுவரெலியாக் கரட் விளையும் மாவட்டத்திலே கிளிகள் இக்குறையால் வருந்துவது நகைப்புக்கும் இரக்கத்துக்கும் உரியது. துருவிய கரட்டும் பூசணியும் வல்லாரையும் நாள்தோறும் சிறிதளவு போதும். பசளிக்கீரையை நாளும் இடலாகாது. அதிலுள்ள ஒட்சாலிக்கமிலம் கல்சியத்தைப் பிணித்துக்கொள்ளும். பயற்றை ஓரிரவு ஊறவைத்து முளை எட்டிப்பார்க்கும் நிலையில் அலசிக் கொடுத்தல் சாலச் சிறந்தது. அது ஒருவகையில் வள்ளியின் புனத்துப் பசுங்கதிரை மீண்டும் கூட்டினுள் கொணர்வதாகும்.

விதையிலேயே வளர்ந்த கிளி கீரையைக் கண்டால் முதலில் அஞ்சும். இது பிடிவாதமன்று, புதிய உணவை ஐயுறுவது பறவைக்கு இயல்பு. பட்டினியிட்டுப் பழக்க முயல்வோர் பறவையை இழப்பர். நனைந்த இலைக்கொத்தைக் கூட்டின் மேற்பகுதியிற் கட்டி, பல வாரம் பொறுத்திருத்தல் வேண்டும். ஆயின், தேயிலை மலையின் ஓரத்திற் புல் பறித்துக் கொடுப்போர், அங்கே களைநாசினியோ பூச்சிமருந்தோ தெளிக்கப்பட்டதா என்று கேட்டறிந்தே பறித்தல் வேண்டும்.

கொடுக்கத் தகாதவற்றுள் முதலாவது ஆனைக்கொய்யா. மலைநாட்டிற் கொல்லைதோறும் காய்க்கும் இக்கனி நமக்கு நல்லுணவு, கிளிக்கு நஞ்சு. இதயத்தைத் தாக்கிச் சில மணி நேரத்திற் கொல்லவும் கூடும். இரண்டாவது, அன்பின் மிகுதியால் நேர்வது. வெறுந்தேநீரில் பாணைத் தோய்த்து ஊட்டும் வழக்கம் லயங்களில் உண்டு. கபீன் சிறு பறவையின் இதயத்துக்கு ஆகாது. ஈரத்தாற் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் விலக்கத்தக்கது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புலப்படாது மடிந்தன. அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கிலே பூஞ்சணம் தோற்றுவித்த நஞ்சுதான் அஃபிளாடொக்சின் என்று பின்னர் அறியப்பட்டது. தலவாக்கலையின் காற்றில் தானியம் விரைவில் ஈரமுறும். ஆதலால் மூடியுள்ள தகரப்பேணியில், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்திருத்தல் நன்று. விறகடுப்புப் புகை படும் இடத்திலும் கூட்டை வைக்கலாகாது. பறவையின் நுரையீரலோடு காற்றறைகள் பல இணைந்து, உட்கொள்ளும் காற்று ஒரே திசையிற் சுற்றிச் செல்வதால், நாம் பொறுத்துக்கொள்ளும் புகையை அது பொறுக்காது.

முட்டைப்பெட்டியைத் தொங்கவிடுவதற்குச் சில வாரம் முன்னரே மேற்கூறிய உணவைத் தொடங்கவேண்டும். பெட்டி வந்தபின் தொடங்குவது காலங்கடந்த செயல். ஓராண்டு நிரம்பாத பெட்டையைச் சேர்க்கலாகாது. ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் பொரிக்கவிடாது பெட்டியை அகற்றிவிடுதல் முறை. அடைகாக்கும் காலம் ஏறக்குறைய 18 நாள். குஞ்சுகள் கண் திறவாது, இறகின்றிப் பிறந்து, ஐந்து வார அளவிற் பெட்டியை விட்டு வெளிவரும். அவ்வைந்து வாரமும் முளைப்பயறும் அவித்த முட்டையும் தாராளமாக வேண்டும். மீதியைச் சில மணி நேரத்துள் அகற்றிவிடல் வேண்டும்.

முயற்சி யாவும் செய்தும் பெட்டை முட்டையிடமாட்டாது தரையிலிருந்து முக்குமாயின், உடனே சிறு பெட்டியொன்றில் வைத்து, மின்குமிழால் செல்சியசு 30 பாகை அளவில் வெப்பமூட்டி, அருகில் ஈரத்துணி வைத்துக் காற்றை ஈரமாக்குக. முட்டையைப் பிதுக்கவோ உடைக்கவோ முயலற்க. கால்நடை வைத்தியரிடம் விரைந்து செல்வதே வழி. மணி நேரங்களே நமக்கு உள்ளன.

இவையெல்லாம் கூண்டிலே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த கிளிகளுக்கே பொருந்தும். மலைச்சரிவில் கூட்டமாகக் கத்திப் பறக்கும் சாம்பல்நீலத் தலைக் கிளி, லேயாட் என்பாரின் பெயரால் அறியப்படுவது, இலங்கையன்றி வேறெங்கும் இல்லாதது. மரப்பொந்திலிருந்து அதன் குஞ்சை எடுத்து வளர்ப்போர் ஓர் இனத்தின் வேரிலே கைவைக்கின்றனர். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்கு இடந்தராது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக் கிளி எதனையும் கூண்டிலடைக்க விடுவதில்லை.

அம்மாணவன் எஞ்சிய சேவலுக்கு மறுஆண்டு தையில், மழை நீங்கிய பின்னர், வேறொரு பெட்டையைத் தேடினான். கூட்டை அடுப்படிச் சுவரிலிருந்து இஸ்தோப்பின் கிழக்கு முனைக்கு மாற்றினான். கணவாய் ஓடு கொழும்பிலிருந்த மாமன் வழியாக வந்தது. பங்குனியில் ஐந்து முட்டைகளும் நான்கு குஞ்சுகளும் என்று கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் நாளும் எடையும் குறித்துக் காட்டினான். ஐந்தாவது முட்டை கருக்கட்டாதது. அதன் ஓட்டை எடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தோம், நன்றாகத் தடித்திருந்தது.